வடசென்னையில் டாக்டர்கள் ஃபுட்பால் ஆடுவதால் யாருக்கு என்ன பயன்?

கேள்வி: வடசென்னையில் டாக்டர்கள் சிலர் சேர்ந்து ஃபுட்பால் டீம் வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மேட்ச் ஆடுகிறார்கள். உடல்நல விழிப்புணர்வு, தொண்டு என்கிறார்கள். இதனால் உண்மையில் யாருக்கு என்ன பயன்? அந்த நேரத்தில் இன்னும் நாலு நோயாளிகளைப் பார்க்கலாம், பணத்தை நேரடியாகவே ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாமே?

அப்படிப்பட்ட ஒரு டீமில் நானும் ஆடுகிறேன், லெஃப்ட் பேக். பொது மருத்துவன். பேசின் பிரிட்ஜுக்கு வடக்கே பிறந்து வளர்ந்து, இப்போது அங்கேயே கிளினிக் வைத்திருக்கிறேன். அதனால் நேராகவே சொல்கிறேன்.

பணக் கணக்கை மட்டும் பார்த்தால் உங்கள் கேள்வி நியாயமானது. மேட்ச் வைத்துச் சேரும் தொகை பெரியதில்லை. எங்களில் சிலர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டாலே அது சேர்ந்துவிடும். நாங்கள் கிரவுண்டுக்குப் போவது வேறு ஒரு காரணத்துக்காக. ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்காத ஆண்கள் எங்கள் பகுதியில் ஏராளம். அவர்களைச் சந்திக்க ஃபுட்பால் கிரவுண்டைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து கிடையாது.

பாரிமுனையில் லோடு ஏற்றுகிறவர், காசிமேட்டில் போட்டில் போகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், கொருக்குப்பேட்டையில் வெல்டிங் பட்டறையில் நிற்கிறவர். இவர்களுக்குக் காலையில் ஓ.பி. வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். பிரஷர் வலிக்காது. சுகரும் ஆரம்பத்தில் ஒன்றும் சொல்லாது. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு, இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றும், வயது வந்தவர்களில் நூற்றுக்கு 35 பேருக்கு ரத்த அழுத்தம் என்றும் சொன்னது. தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் மட்டும் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். இதில் பாதிப் பேராவது மருந்து சாப்பிடுகிறார்களா என்றால், என் கிளினிக் அனுபவத்தை வைத்து ஆமாம் என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

அரசாங்கம் சும்மா இருக்கிறது என்று சொல்லவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். அருமையான திட்டம். ஆனால் அவர்கள் பகலில் வரும்போது வீட்டில் இருப்பது பெரும்பாலும் பெண்களும் பெரியவர்களும்தான். நாற்பது வயது ஆண் அந்நேரம் வேலையில் இருப்பான். ஞாயிறு காலையில் அவன் எங்கே இருப்பான் என்பது எங்கள் ஏரியாவில் பிறந்த எல்லோருக்கும் தெரியும்.

வியாசர்பாடியை மினி பிரேசில் என்று பத்திரிகைகள் எழுதுவதைப் படித்திருப்பீர்கள். பெருமைக்குச் சொன்ன பேச்சு என்று நினைக்க வேண்டாம். முல்லை நகர் மைதானத்தில் பல வருடங்களாகக் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி நடக்கிறது. அங்கே வெறுங்காலோடு ஆடத் தொடங்கிய பிள்ளைகள் மாநில அணி வரைக்கும் போயிருக்கிறார்கள். 2018-ல் சென்னையின் எஃப்.சி. இரண்டாவது முறை ஐ.எஸ்.எல். என்ற இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்றதே, அந்த வருடம் கோவாவுக்கு எதிரான செமிஃபைனலில் ஒரு கோல் போட்ட தனபால் கணேஷ் வியாசர்பாடிக்காரர். எங்கள் ஊரில் ஒரு மேட்ச் என்றால் அணிக்கு ஏழு பேராக ஆடுவது பதினான்கு பேர், சுற்றி நின்று ஆட்டம் சொல்லிக் கொடுப்பது இருநூறு பேர். அந்த இருநூறு பேர்தான் எங்களுக்கு வேண்டும். மராத்தான் வைத்துப் பார்த்திருக்கிறோம். ஏற்கெனவே ஓடுகிறவர்கள்தான் வந்தார்கள்.

ஒருவரைப் பற்றிச் சொன்னால் புரியும். வெல்டிங் வேலை, வயது நாற்பத்தைந்து இருக்கும். ஒரு காலத்தில் ஏரியாவில் பெயரெடுத்த ஃபார்வர்டு. ஒவ்வொரு மேட்சுக்கும் வந்து டச் லைன் ஓரமாக நிற்பார். பிரஷர் பார்க்கும் மேஜைப் பக்கம் மட்டும் வரமாட்டார். ஒருநாள் மேட்ச் முடிந்து நான் உட்கார்ந்திருந்தபோது அவரே வந்தார். "இன்னா டாக்டரே, அந்த ஏழாம் நம்பர் பையனை உள்ள வர வுடலாமா? லைன் பக்கமா தள்ளிக்கினே போவணும்" என்று ஆரம்பித்து, மண்ணில் குச்சியால் கோடு போட்டு விளக்க ஆரம்பித்தார். உட்கார்ந்து சொல்லுங்கண்ணா என்றேன். உட்கார்ந்தார். பேச்சு போய்க்கொண்டே இருந்தது. "இடது கையைக் கொஞ்சம் குடுங்க, வலது கையால கோடு போடுங்க" என்று பட்டையைச் சுற்றினேன். 180-க்கு 110, ரொம்பவே அதிகம். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்துத் திரும்பப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. அடுத்த ஞாயிறும் பார்த்தோம். அப்புறம் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்த்துவிட்டு மாத்திரை ஆரம்பித்தாயிற்று. இப்போது அவர் தன் மச்சானையும் பட்டறைப் பையன்களையும் அழைத்து வருகிறார். அந்தப் பையன்களிடம் நான் மணிக்கணக்காகப் பேசினாலும் நடக்காத வேலை, அவர் சொல்லும் ஒரு "போய்க் காட்டுடா"-வில் நடந்துவிடுகிறது.

கிளினிக்கில் மேஜைக்கு அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் அவர். நான் கேள்வி கேட்பேன், அவர் தலையாட்டுவார். கிரவுண்டில் அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. அவர் எனக்குச் சொல்லிக் கொடுக்கிறார். தனக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுக்க விட்ட ஆள் பதிலுக்கு ஒன்று சொன்னால் மனிதர்கள் காதுகொடுத்துக் கேட்கிறார்கள். எங்கள் தொண்டு என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன். இதைக் காசோலையாகக் கொடுக்க முடியாது.

இதில் சில நுணுக்கங்கள் உண்டு. பிரஷர் மேஜையை ஆட்டத்துக்கு முன்பே போடுவோம். ஆடி முடித்தவுடன் பார்த்தால் அளவு சரியாக வராது. டீ குடித்தவர், பீடி பிடித்தவர் என்றால் அதன்பின் அரைமணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். விரலில் குத்திப் பார்க்கும் சுகர் மெஷினை வைத்து யாரையும் சர்க்கரை நோயாளி என்று அறிவிக்க மாட்டோம். அதிகமாக இருந்தால் வெறும் வயிற்றில் லேபில் பார்க்கச் சீட்டு எழுதிக் கொடுப்போம், அவ்வளவுதான். ரத்ததான முகாமை மட்டும் மேட்ச் நாளில் வைக்கவே மாட்டோம். ரத்தம் கொடுத்த அன்று ஓடியாடக் கூடாது, எங்கள் பசங்களைக் கிரவுண்டில் வைத்துக்கொண்டு ஆடாதே என்று சொன்னால் யார் கேட்பது? அதனால் முகாம் தனி நாளில். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம் என்பதால், கொடுத்தவர்களை மறுபடியும் கூப்பிட ஒரு நோட்டும் வைத்திருக்கிறோம்.

பிரஷருக்கு அடுத்தபடியாக நான் உயிராக நினைப்பது இடைவேளையில் சொல்லிக் கொடுக்கும் சி.பி.ஆர்., அதாவது இதயம் நின்றுபோனவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி. 2021 ஜூன் 12 அன்று யூரோ கோப்பையில் டென்மார்க்கின் எரிக்சன் ஆடிக்கொண்டிருக்கும்போதே சுருண்டு விழுந்ததை எங்கள் பசங்க எல்லோரும் டிவியில் பார்த்தவர்கள். மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தி, மின் அதிர்ச்சி கொடுத்து அவரைப் பிழைக்க வைத்தார்கள். பிறகு அவர் திரும்பவும் ஆட வந்தார். அந்தக் காட்சியைச் சொல்லித்தான் வகுப்பை ஆரம்பிப்போம். விழுந்தவனைத் தட்டிக் கூப்பிடு. பதில் இல்லை, மூச்சும் சரியில்லை என்றால் ஒருவன் 108-க்கு அடி, இன்னொருவன் நெஞ்சின் நடுவில் கையை வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்துக்கு அழுத்து. அழுத்தியபின் நெஞ்சு முழுசாக மேலே வரட்டும். ஆம்புலன்ஸ்காரர் வந்து கையை வைக்கும்வரை நிறுத்தாதே.

இதில் எங்கள் ஊருக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. இதயம் நின்றுபோனவனுக்குச் சில நொடிகள் கைகால் வெட்டி இழுக்கலாம். உடனே காக்கா வலிப்பு என்று சொல்லி ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார், இன்னொருவர் தண்ணீர் தெளிப்பார். நெஞ்சை அழுத்தாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு பத்தில் ஒரு பங்கு போல் குறைந்துகொண்டே வரும். வாய் திறந்து திறந்து மூடுவதை மூச்சு வருகிறது என்று நினைத்துவிடுவார்கள், அது மூச்சில்லை. இந்த இரண்டு விஷயத்தையும் பொம்மையை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்கிறோம். பன்னிரண்டு வயதுப் பையன்கள் இதைக் கற்றுக்கொள்ளும் வேகத்தைப் பார்த்தால் நெஞ்சு நிறைந்துவிடும்.

டாக்டர்கள் பக்கமும் ஒரு பயன் உண்டு. இரவு டூட்டி, நேரங்கெட்ட சாப்பாடு, நாள் முழுக்க நாற்காலி. அடுத்தவரிடம் நட என்று சொல்லும் நாங்கள் நடப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது. ஞாயிறு மேட்சும் நடுவாரத்தில் ஒருநாள் பயிற்சியும் சேர்ந்தால் அதை ஓரளவு தொட்டுவிடலாம். டீமில் சேரும்போதே முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லோரும் இ.சி.ஜி., பிரஷர், சுகர், கொழுப்பு பார்த்தாக வேண்டும். சீனியர் டாக்டராக இருந்தாலும் ரிப்போர்ட் இல்லாமல் பூட் கட்ட விடமாட்டோம்.

1982 உலகக் கோப்பையில் பிரேசிலுக்குக் கேப்டனாக இருந்த சாக்ரடீஸ் முறையாகப் படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர். அப்படியொரு மிட்ஃபீல்டர் அபூர்வம். குடியையும் சிகரெட்டையும் விட முடியாமல் 57 வயதில் போய்விட்டார். டாக்டருக்குப் படித்திருப்பது மட்டும் ஒருவரைக் காப்பாற்றாது என்பதற்கு அவரைத்தான் நான் எங்கள் ஹவுஸ் சர்ஜன்களிடம் சொல்வேன். பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் சொல்வது வேறொருவரை. சுதந்திர இந்தியாவின் முதல் ஃபுட்பால் கேப்டன் டாலிமெரென் ஆவோ, நாகாலாந்துக்காரர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் ஆட்களில் பெரும்பாலானவர்கள் வெறுங்காலோடு ஆடி, பிரான்சிடம் 2-1 என்றுதான் தோற்றார்கள். அவர் அதோடு மருத்துவப் படிப்பையும் முடித்து, ஊருக்குத் திரும்பி டாக்டராகவே வேலை பார்த்தார். ஆட்டம் படிப்பைக் கெடுக்கும் என்று பயந்து பையனைக் கிரவுண்டிலிருந்து காதைத் திருகி இழுத்துப் போகும் அப்பாக்களுக்கு இந்தக் கதை பிடித்திருக்கிறது.

சரி, சேரும் பணம் எங்கே போகிறது என்றும் சொல்ல வேண்டும். பெரும்பகுதி காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களின் சாப்பாட்டுக்கு. மருந்து அரசாங்கத்தில் இலவசம், ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். ஆனால் வயிறு காய்ந்தவனுக்கு அந்த மாத்திரைகள் ஒத்துக்கொள்ளாது, பாதியில் விட்டுவிடுவான். பருப்பு, முட்டை, வேர்க்கடலை, எண்ணெய் என்று மாதா மாதம் பை போட்டுக் கொடுக்கிறோம். நிக்ஷய் மித்ரா என்ற மத்திய அரசுத் திட்டத்தில் யார் வேண்டுமானாலும் பதிவு செய்து இப்படி நோயாளிகளைத் தத்தெடுக்கலாம், டீம் வைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. மீதி பிள்ளைகளின் பூட்டுக்கும் ஷின் கார்டுக்கும்.

பொன்னாடை, ஃபிளெக்ஸ், ஆளுயரக் கோப்பை, சீஃப் கெஸ்ட் இதெல்லாம் எங்களிடம் கிடையாது. தொண்டு என்று பெயர் வைத்துவிட்டு வசூலில் பாதியை மேடைக்குச் செலவழிப்பதை நான் கடுமையாக வெறுக்கிறேன். ஒருமுறை ஒரு குளிர்பான நிறுவனம் ஜெர்சி முழுவதும் பெயர் போட்டுக்கொண்டால் நல்ல தொகை தருவதாகச் சொன்னது. டீமுக்குள் பெரிய வாக்குவாதம். சுகர் பார்க்கும் மேஜைக்குப் பின்னால் அந்தப் பெயரோடு நிற்க முடியாது என்று கடைசியில் வேண்டாம் என்றோம். அன்று அந்தப் பணம் இருந்திருந்தால் எத்தனை பை கூடுதலாகக் கொடுத்திருக்கலாம் என்று கேட்ட நண்பர் கேட்டதிலும் அர்த்தம் இருந்தது. ஆனாலும் எடுத்த முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

நேரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். விடிந்ததும் ஆரம்பித்து எட்டு மணிக்குள் முடித்துவிடுகிறோம், வெயில் காலத்தில் அதற்கும் முன்பே. டூட்டி இருக்கிறவர்கள் வருவதில்லை. யாருடைய ஓ.பி.யும் இதனால் நின்றதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் கிரவுண்டில் தண்ணீர் நின்றுவிடும், அதில் சாக்கடையும் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் வரும் என்று தெரிந்துகொண்டு அதில் பிள்ளைகளை இறக்க மாட்டோம். அந்த இரண்டு மாதமும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, தண்ணீர் புகுந்த தெருக்களில் காய்ச்சல் முகாம் வைப்போம். பந்து ஆடிப் பழகிய பசங்களே வீடு வீடாகப் போய் ஆட்களை அழைத்து வந்துவிடுவார்கள்.

உங்கள் ஏரியாவிலும் இப்படி ஆரம்பிக்க நினைத்தால், பதினொரு பேர் ஆட்டம் வேண்டாம், செவன்ஸ் போதும். ஆளை மாற்றிக்கொண்டே இருக்கலாம். ஃபிஃபா வகுத்த 11 பிளஸ் என்ற இருபது நிமிட வார்ம் அப்பை விடாதீர்கள். ஒழுங்காகச் செய்யும் அணிகளில் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முட்டி ஜவ்வு கிழிந்த சர்ஜன் மாதக்கணக்கில் ஆபரேஷன் தியேட்டரில் நிற்க முடியாது. அப்புறம், பிரஷர் மேஜை போடுவதற்கு முன்னால் அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பேசிவிடுங்கள். அதிகமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்து எங்கே போக வேண்டும் என்று சொல்லாமல் அனுப்புவதாக இருந்தால் அந்த மேஜையே போட வேண்டாம். பெயர், போன் நம்பர், எந்த நிலையம், எந்த நாள், நான்கையும் நோட்டில் எழுதி, அந்த வாரமே ஒருவர் போன் போட்டுப் போனீர்களா என்று கேட்க வேண்டும். எங்களில் அந்த வேலையைச் செய்வது கோல் கீப்பராக இருக்கும் பல் டாக்டர். டீமில் முதலில் அப்படி ஒரு ஆளைக் கண்டுபிடியுங்கள், ஸ்ட்ரைக்கரைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.