கட்டாய ராணுவ சேவை வந்தால் பையன்கள் உருப்படுவார்களா?

"கட்டாய ராணுவ சேவை இளைஞர்களுக்கு நல்லதா? இந்தியாவிலும் கொண்டுவந்தால் பையன்கள் கொஞ்சம் உருப்படுவார்களா?" இதுதான் கேள்வி. கேட்டவர் வீட்டில் பதினேழு வயதில் ஒருவன் மதியம் வரை தூங்கிக்கொண்டிருக்கிறான் என்று நினைக்கிறேன்.

நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவன். இங்கே இதன் பெயர் தேசிய சேவை, பேச்சில் என்எஸ். 2001 டிசம்பரில் உள்ளே போய் 2004 ஜூனில் வெளியே வந்தேன். மொத்தம் இரண்டரை ஆண்டு. அந்த ஜூனிலேயே, இனி எல்லோருக்கும் இரண்டு ஆண்டு போதும் என்று அரசு அறிவித்தது. என் ஆறு மாதத்தை யாரிடம் போய்க் கேட்பது? அந்தக் கடுப்பு இந்தப் பதிலில் ஆங்காங்கே தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். பையன்களைத் திருத்துவதற்காக என்றால் வேண்டாம். நாட்டுக்கு வேறு வழியே இல்லை என்றால், அது வேறு பேச்சு.

பயிற்சி நடப்பது தெக்கோங் என்ற தீவில். சாங்கியிலிருந்து படகில் கொண்டுபோவார்கள். முதல் நாள் என் பிங்க் நிற அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, 'லெவன் பி' என்று ஒரு ராணுவ அட்டையைக் கையில் கொடுத்தார்கள். தலையை மழித்தார்கள். கண்ணாடியில் பார்த்தால் பழனிக்குப் போய்வந்த மாதிரி இருந்தது. அன்று இரவு அறையில் பதினைந்து கட்டிலுக்கு மேல் இருந்தும் ஒரு சத்தமில்லை. விளக்கை அணைத்த பிறகு யாரோ மூக்கை உறிஞ்சியது மட்டும் கேட்டது. யார் என்று மறுநாள் எவனும் விசாரிக்கவில்லை.

இங்கே அணிவகுப்புக் கட்டளைகள் மலாயில்தான் வரும். 'அட்டென்ஷன்' என்பதற்கு 'செடியா!'. முதல் முறை சார்ஜண்ட் என் முகத்துக்கு நேராக "செடியா!" என்று கத்தியபோது, 'இல்ல சார், மரம்' என்று மனசுக்குள் ஓடியது. சிரித்துவிட்டேன். இருபது தண்டால். என்ன ஜோக் என்று பக்கத்தில் நின்ற சீனப் பையனுக்கு விளக்கப் போய் இன்னும் இருபது, அவனுக்கும் சேர்த்து.

சரி, ஒழுக்கம். இதைத்தான் எல்லா அப்பாக்களும் எதிர்பார்க்கிறார்கள். ஐந்தரைக்கு எழுந்தேன், போர்வையை மூலை மடியாமல் விரித்தேன், ஜன்னல் இடுக்குத் தூசியைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுத்தேன். எல்லாம் உண்மை. சேவை முடிந்த மறு வாரம் பதினொரு மணிக்கு எழுந்தேன் என்பதும் உண்மை. பயத்தில் வருகிற பழக்கம் பயம் போனால் போய்விடுகிறது. ஏற்கெனவே ஒழுங்காக இருந்தவன் அப்படியே இருந்தான். வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறவன் அதை இன்னும் நேர்த்தியாகக் கற்றுக்கொண்டு வந்தான். காய்ச்சல் சீட்டு வாங்குவதில் எங்கள் படைப்பிரிவில் சிலர் முனைவர் பட்டமே வாங்கியிருக்கலாம். 2011 இல் ஒரு படம் ஊரெல்லாம் சுற்றியது: சீருடையில் ஒரு பையன் கையை வீசிக்கொண்டு முன்னால் நடக்கிறான், அவனுடைய ராணுவப் பையை வீட்டுப் பணிப்பெண் முதுகில் சுமந்துகொண்டு பின்னால் வருகிறார். பட்டாளத்துக்குப் போனால் பையன் மாறிவிடுவான் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் படம்தான் ஞாபகம் வரும்.

நான் பெற்றதே இல்லையா என்றால், பெற்றேன். பல்கலைக்கழகத்துக்கு முன் படிக்கும் தொடக்கக் கல்லூரியில் என்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் என்னைப் போன்றவர்கள். என் செக்‌ஷனில் ஈரச்சந்தை மீன்கடைக்காரர் மகன் ஒருவன், டிரைவர் வைத்த காரில் பள்ளிக்குப் போனவன் ஒருவன், ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் பேசுகிறவன் ஒருவன். களப் பயிற்சியில் ஐந்தாறு நாள் குளியல் கிடையாது. இரவில் சட்டையைக் கழற்றிவிட்டு பாம்பு மார்க் வேர்க்குரு பவுடரை ஒருவன் முதுகில் இன்னொருவன் கொட்டித் தேய்ப்பான். வியர்வையும் மண்ணும் பவுடரும் சேர்ந்து சந்தனக் குழம்பு மாதிரி வழியும். என் முதுகில் தேய்த்தவன் மீன்கடைக்காரர் மகன். பதினாறு வயதில் படிப்பை விட்டுவிட்டு அப்பாவோடு விடிகாலை மூன்று மணிக்கு மீன் இறக்கியவன். ராணுவம் அவனுக்குப் புதிதாக ஒழுக்கம் கற்றுக்கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. எனக்குத்தான் அவனைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கம் வந்தது. இது மதிப்புள்ள விஷயம்தான். ஆனால் இதற்கு ஒரு துப்பாக்கியும் இரண்டு ஆண்டும் தேவையா?

சிங்கப்பூருக்குத் தேவைப்பட்டது. 1965 இல் தனி நாடானபோது கையில் இருந்தது இரண்டே காலாட்படைப் பட்டாளம். பிரிட்டிஷ்காரர்கள் மூட்டை கட்டத் தயாராகிக்கொண்டிருந்தார்கள், மக்கள்தொகையோ இருபது லட்சத்துக்குக் கீழே. சம்பளத்துக்கு ஆள் எடுத்துப் பெரிய படை வைக்கப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. 1967 மார்ச்சில் சட்டத்தை நிறைவேற்றி ஆகஸ்டில் முதல் அணியைச் சேர்த்தார்கள். பயிற்சி கொடுக்க இஸ்ரேலிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அக்கம்பக்கம் தெரியக் கூடாது என்று அவர்களை 'மெக்சிகோக்காரர்கள்' என்று சொல்லிவைத்தார்கள்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 1954. அப்போதே பிரிட்டிஷ் அரசு இங்கே கட்டாய சேவைச் சட்டம் கொண்டுவந்தது. மே 13 அன்று சீனப் பள்ளி மாணவர்கள் தெருவில் இறங்கி, போலீசோடு கைகலப்பாகிவிட்டது. அதே ஊர்தான், பதின்மூன்று ஆண்டுதான் இடைவெளி. யாருடைய நாட்டைக் காக்க என்னைக் கூப்பிடுகிறாய் என்ற கேள்விக்கு அன்று பதில் இல்லை, 1967 இல் இருந்தது. பையன்களுக்கு நல்லது என்று இரண்டு முறையும் சொல்லியிருப்பார்கள், அதை யார் காதில் வாங்கினார்கள்?

விலையையும் சொல்ல வேண்டும். என்னோடு படித்த பெண்கள் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் இருந்தபோது நான் முதலாம் ஆண்டு, வகைநுண்கணிதம் சுத்தமாக மறந்திருந்தது. முடித்தாலும் முடிவதில்லை. அதன் பிறகு ரிசர்விஸ்ட், அதாவது திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பயிற்சி: ஆண்டுக்கு அதிகபட்சம் 40 நாள், அதிகாரி அல்லாதவர்களுக்கு 40 வயது வரை. போகிற நாட்களுக்குச் சம்பள இழப்பை அரசு ஈடு செய்யும், ஆனால் நிறுவனத்தின் முகச்சுளிப்பை ஈடு செய்ய ஆள் கிடையாது. ஒரு நேர்காணலில் என் அனுபவத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே "அடுத்த ரிசர்விஸ்ட் எப்போது?" என்று கேட்டார்கள். வேலை வெளிநாட்டுக்காரர் ஒருவருக்குப் போனது. அதனால்தானா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு அப்படித்தான் தோன்றியது.

உயிரும் போயிருக்கிறது. 2018 ஏப்ரலில் வேக நடைப் பயிற்சிக்குப் பிறகு வெப்பத் தாக்கத்தில் ஓர் இளைஞன் இறந்தான். 2019 ஜனவரியில் நடிகர் ஆலோசியஸ் பாங், ரிசர்விஸ்டாக நியூசிலாந்துப் பயிற்சிக்குப் போன இடத்தில் பீரங்கி வண்டிக்குள் பழுது பார்க்கும்போது நசுங்கி, நான்கு நாளில் போய்விட்டார். அதன் பிறகு பயிற்சியின் வேகத்தைக் குறைத்தார்கள். 'பையன் திருந்தட்டும்' என்று சொல்கிறவர்கள் இந்தப் பக்கத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்தியாவுக்கு வருவோம். அங்கே ஆண்டுதோறும் பதினெட்டைத் தொடும் ஆண் பிள்ளைகள் மட்டும் ஒரு கோடிக்கு மேல். தரைப்படையின் மொத்த பலமே சுமார் 12 லட்சம். எங்கே படுக்க வைப்பீர்கள், யார் பயிற்சி கொடுப்பார்? தவிர, அங்கே ஆள் பஞ்சமே இல்லை. 2022 இல் அக்னிபத் ஆள்சேர்ப்புத் திட்டம் வந்தபோது நடந்த கலவரம் பட்டாளம் வேண்டாம் என்பதற்காக இல்லை. நான்கே ஆண்டில் நாலில் மூன்று பேரை வெளியே அனுப்பிவிடுவார்களே என்பதற்காக. சேரத் துடிக்கிறவர்கள் வரிசையில் நிற்கும்போது, வேண்டாம் என்கிறவனை எதற்கு இழுக்க வேண்டும்?

என்னோடு வேலை பார்க்கும் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் வேறு விதமாகக் கேட்டார். "அண்ணே, எங்களுக்குப் பிஆர் கிடைச்சிடுச்சி. பையனுக்கும் போடலாமா?" அப்பாவுக்கு இல்லாத கடமை மகனுக்கு உண்டு, பெற்றோர் வழியாக நிரந்தரவாசியாகிறவன் என்எஸ் செய்தே ஆக வேண்டும். செய்யாமல் அட்டையைத் திருப்பிக் கொடுத்தால், பிறகு இங்கே படிக்கவோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது அதைக் குறித்து வைத்திருப்பார்கள். நான் அவரிடம் சொன்னது: இந்த ஊர்தான் அவன் ஊர் என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்றால் போடுங்கள், அவன் இரண்டு ஆண்டு கொடுத்துத்தான் ஆக வேண்டும். பையன் திருந்துவான் என்று போடாதீர்கள். அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். பையனைக் கேட்டீர்களா என்றேன். "அவனுக்கென்ன தெரியும்ணே" என்றார்.

போன ஆண்டு அக்கா மகன் உள்ளே போனான். குடும்பமாகத் தெக்கோங் வரை போய், அங்கேயே சாப்பாட்டுக் கூடத்தில் அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டோம். களப் பயிற்சியின் நடுவில் பையன்களிடம் கொடுக்கப் பெற்றோரிடம் கடிதம் கேட்பார்கள். அக்கா என்னைக் கூப்பிட்டு, "நீதான்டா போயிட்டு வந்தவன், என்ன எழுதுறதுன்னு சொல்லு" என்றாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பவுடரை மிச்சம் பிடிக்காதே என்று எழுதச் சொன்னேன். அவள் நாலு பக்கம் எழுதினாள்.

முதல் முறை வீட்டுக்கு வந்தபோது நானும் போயிருந்தேன். ஆள் கறுத்து, கழுத்து நீண்டிருந்தான். "மாமா, செடியான்னு கத்தும்போது சிரிப்பு வருது" என்றான். பாசிப்பச்சை துணிமூட்டையை வரவேற்பறை நடுவில் போட்டுவிட்டு, பதினான்கு மணி நேரம் தூங்கினான். மூட்டையை அவிழ்த்துத் துவைத்துக் காயப்போட்டவள் அக்காதான்.