பேர் தெரியாத காலேஜில் படித்தால் மரியாதை குறையுமா?

*நான் தனியார் இன்ஜினீயரிங் காலேஜ் ஒன்றில் ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்) இரண்டாம் வருடம் படிக்கிறேன். திருவள்ளூர் தாண்டி இருக்கிறது, பேரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. என் கட்-ஆஃப் 200-க்கு 138. பெரியப்பா பையன் கிண்டி இன்ஜினீயரிங் காலேஜில் படிக்கிறான். வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும் எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்தி வைத்துப் பேசுவார்கள். அக்காவின் வளைகாப்பில் ஒரு மாமா "எந்த காலேஜ்ப்பா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டு "அண்ணா யுனிவர்சிட்டி" என்று சொல்லிவிட்டார். எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. இப்போது அப்பா, இதை விட்டுவிட்டுக் கடன் வாங்கியாவது பெரிய நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் மறுபடி முதல் வருடம் சேரச் சொல்கிறார். இந்த காலேஜில் படித்தால் கடைசிவரை என்னை இரண்டாம் தரமாகத்தான் பார்ப்பார்களா?*

*பெயர் வேண்டாம், வில்லிவாக்கம்*

தம்பி, "அதெல்லாம் ஒன்றுமில்லை, திறமைதான் முக்கியம்" என்று சொல்லி உங்களை அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. காலேஜ் பேர் பாதிக்கத்தான் செய்யும். ஆனால் எங்கே, எத்தனை வருடத்துக்கு என்று தெரிந்துகொண்டால் பயம் பாதி குறைந்துவிடும்.

முதலில் அம்மா விஷயம். அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன, உங்களுடையதும் அதில் ஒன்று என்றால் பட்டம் கொடுக்கப்போவது அந்தப் பல்கலைக்கழகம்தான். தானே தேர்வு நடத்திக்கொள்கிற தன்னாட்சிக் கல்லூரி இல்லை என்றால் செமஸ்டர் கேள்வித்தாளும் மற்ற இணைப்புக் கல்லூரிகளுக்கு வருகிற அதே தாள். ஆனாலும் உங்களுக்கு வலித்தது ஏன் என்று எனக்குப் புரிகிறது. பெற்ற அம்மாவே மறைக்கிற அளவுக்கு நாம் ஆகிவிட்டோமே என்றுதானே? அவர் உங்களை நினைத்து வெட்கப்பட்டார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்த மாமா அடுத்து என்ன சொல்வாரோ என்று பயந்திருக்கிறார். ஒருநாள் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து, "இனிமேல் யாராவது கேட்டால் நானே சொல்லிக்கிறேன்மா" என்று மட்டும் சொல்லுங்கள், சண்டை வேண்டாம்.

உறவுக்காரர்களுக்குக் காலேஜ் பேர் ஒரு சுருக்கெழுத்து மாதிரி, பையன் என்ன படிக்கிறான், எதில் ஆர்வம் என்றெல்லாம் கேட்க அவர்களுக்கு நேரமில்லை, ஒரு பேரை வைத்து முடிவு கட்டிவிட்டுப் பந்திக்குப் போய்விடுவார்கள். வேலைக்குப் போன பிறகு அதே இடத்தில் "எந்த கம்பெனி?" வந்துவிடும். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் இதில் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை.

நிஜமான பாதிப்பு வேறு இடத்தில். பெரிய கம்பெனிகள் சில காலேஜ்களுக்குத்தான் நேரில் வரும். மற்ற காலேஜ் பிள்ளைகள் பல காலேஜ்களுக்குப் பொதுவாக நடக்கிற பூல் கேம்பஸ், காலேஜுக்கு வெளியே நடக்கிற ஆஃப் கேம்பஸ் என்று அலைய வேண்டும், ஆன்லைன் தேர்வு எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். உங்கள் காலேஜுக்கு வருகிற கம்பெனி வருடத்துக்கு மூன்று, மூன்றரை லட்சம் தருகிற கம்பெனியாக இருக்கும். கிண்டியில் படிக்கிற உங்கள் அண்ணனுக்கு அதைவிடப் பல மடங்கு கிடைக்கலாம். இதைவிடப் பெரிய குறை, என் கணக்கில், சீனியர்கள். நல்ல காலேஜில் எந்தப் பேராசிரியரிடம் ப்ராஜெக்ட் செய்ய வேண்டும், எந்தத் தேர்வுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும், வெளிநாட்டில் மேல்படிப்புக்கு யாருக்கு மெயில் போட வேண்டும் என்றெல்லாம் ஹாஸ்டல் வராந்தாவிலேயே காதில் விழுந்துவிடும். உங்களுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. நீங்களாகத் தேடிப் போனால்தான் உண்டு.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். பெரிய காலேஜ் தருவதாக ஊர் நினைக்கிற அந்தஸ்தில் பாதியைப் பிள்ளைகள் உள்ளே வரும்போதே கையில் கொண்டுவருகிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து கோச்சிங், வீட்டில் இங்கிலீஷ், அப்பாவுக்குத் தெரிந்த நாலு பேர், படிக்கத் தனி அறை. காலேஜ் அதன்மேல் ஒரு முத்திரை குத்துகிறது, அவ்வளவுதான். இதெல்லாம் இல்லாத வீட்டிலிருந்து போராடி உள்ளே போன பிள்ளைகளும் நிறைய உண்டு, அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உங்களுடைய 138-ஐ உங்கள் மூளையின் அளவு என்று நீங்களே நம்பிவிடக் கூடாது. அது ஒரு பள்ளி, ஒரு வீடு, ஒரு வருடம் சேர்ந்து எடுத்த மார்க்.

அப்பாவின் யோசனைக்கு வருகிறேன். வேண்டாம். இரண்டு வருடப் படிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி முதல் வருடம் என்பது ஒரு நஷ்டம், கடன் அதற்கு மேல். கல்விக் கடனில் படிக்கிற காலத்தில் தவணை கட்ட வேண்டியதில்லை என்பது உண்மைதான், ஆனால் பணம் கைக்கு வந்த நாளிலிருந்தே வட்டி ஏற ஆரம்பித்துவிடும். நாலு வருடம் கழித்து அது என்ன தொகையாக நிற்கும் என்று பேங்க் மேனேஜரிடமே ஒரு தாளில் எழுதி வாங்கி அப்பாவிடம் காட்டுங்கள். ரசீது இல்லாமல் யாராவது "டொனேஷன்" கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள், அதைத் தடை செய்து தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. நாலு உறவுக்காரர்கள் வாயை அடைக்க வீட்டை அடகு வைக்கிற அப்பாக்களுக்காக எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருக்கிறது. அந்த மாமா கடன் தவணை கட்ட வரப்போவதில்லை.

அதற்குப் பதில் உங்கள் காலேஜைப் பற்றி ஒரு விஷயத்தைக் கவனமாகப் பாருங்கள். சொல்லித்தர ஆள் இருக்கிறாரா? 2024-ல் அறப்போர் இயக்கம் என்ற ஊழல் எதிர்ப்பு அமைப்பு வெளியே கொண்டுவந்ததே, ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பல இன்ஜினீயரிங் காலேஜ்களில் வேலை பார்ப்பதாகக் கணக்கு காட்டியிருந்தார்கள் என்று, பேர் தெரியாத காலேஜின் உண்மையான ஆபத்து அதுதான். அண்ணா பல்கலைக்கழகம் கல்லூரிவாரியாகத் தேர்ச்சி விகிதம் வெளியிடுகிறது, அதில் உங்கள் காலேஜ் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். உங்கள் துறை இணையப் பக்கத்தில் இருக்கிற பெயர்களில் எத்தனை பேரை நீங்கள் வகுப்பில் நேரில் பார்த்திருக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். அங்கே ஓட்டை இருந்தால் அதை நீங்கள்தான் அடைத்தாக வேண்டும்.

அடைக்க வழி இருக்கிறது. என்பிடெல் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம். சென்னை ஐஐடி 2020-ல் ஆரம்பித்த ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்புக்கு ஜேஇஇ நுழைவுத் தேர்வு தேவையில்லை. முதலில் 4 வாரப் பாடம் படித்து அதன் தகுதித் தேர்வில் தேறினால் உள்ளே போகலாம், பி.இ. படித்துக்கொண்டே சேர்கிறவர்கள் இருக்கிறார்கள், வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. மூன்றாம் வருடத்திலேயே கேட் (GATE) தேர்வு எழுதலாம். அதில் நல்ல மதிப்பெண் வந்தால் ஐஐடி, என்ஐடியில் எம்.டெக் படிக்கலாம், சில பொதுத்துறை நிறுவனங்கள் அதை வைத்தே வேலைக்கும் எடுக்கின்றன. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நம் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்க ஒரு பகுதி இருக்கிறது, போய் உட்கார்ந்து பாருங்கள், பக்கத்தில் இருப்பவர் எந்த காலேஜ் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. நீங்கள் ஈசிஇ, சென்னையில் இருக்கிறீர்கள், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் பஸ் தூரத்தில் இருக்கிறது. ஒரு போர்டு, நாலு சென்சார் வாங்கிவந்து வேலை செய்கிற பொருள் ஒன்றைச் செய்து, கெட்டுப்போனதைச் சரிசெய்து, அதை இன்டர்வியூவில் மேஜைமேல் வைத்து விளக்க முடிந்தால் பேச்சு காலேஜ் பேரிலிருந்து அந்தப் பொருளுக்கு நகர்ந்துவிடும். அரியர் மட்டும் நிற்க விடாதீர்கள். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், நிலுவை அரியர் இல்லை, இதைத்தான் பல கம்பெனிகள் முதல் வடிகட்டியாக வைத்திருக்கின்றன.

சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தில் பாலிடெக்னிக் டிப்ளமா படித்தவர், பி.இ. தாம்பரம் பக்கத்தில் ஒரு தனியார் காலேஜில். அப்புறம்தான் திருச்சி என்ஐடி, அதற்கும் அப்புறம் சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம். 2023 ஆகஸ்ட் 23 அன்று லேண்டர் நிலவில் இறங்கியபோது அவர் படித்த காலேஜ், பள்ளி எல்லாவற்றின் பேரும் டிவியில் வந்தது, எல்லோருக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. எல்லோரும் அப்படி ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நம் ஊரில் கடைசியாகச் சேர்ந்த பேர்தான் முன்னால் நிற்கும், உங்களுக்கு இது முதல் பேர்தான்.

அடுத்த விசேஷத்தில் அந்த மாமா கேட்டால் காலேஜ் பேரை முழுதாக, ஊரோடு சேர்த்துச் சொல்லுங்கள். கூடவே இந்த செமஸ்டரில் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று ஒரு வரி. தயங்கித் தயங்கிச் சொன்னால்தான் கேட்பவருக்கும் இளக்காரம் வரும்.

*என் மகளுக்குச் சென்னை மாநிலக் கல்லூரியில் (பிரசிடென்சி காலேஜ்) பி.எஸ்சி. இயற்பியல் இடம் கிடைத்திருக்கிறது. அவளுக்கு அதில்தான் ஆசை. எங்கள் அபார்ட்மென்டில் எல்லோரும் "கவர்மென்ட் காலேஜா? ஏன், என்ன ஆச்சு?" என்று துக்கம் விசாரிப்பது போல் கேட்கிறார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் பெரிய தனியார் பல்கலைக்கழகங்களில். நாங்கள் தப்பு செய்கிறோமா?*

*ஒரு தாய், கொளத்தூர்*

இல்லவே இல்லை சகோதரி. எனக்கு இதில் கோபமே வருகிறது, உங்கள்மேல் இல்லை, கேட்கிறவர்கள்மேல். 1840-ல் ஆரம்பித்த கல்லூரி அது. சர் சி.வி. ராமன் 1904-ல் பி.ஏ., 1907-ல் எம்.ஏ. முடித்தது அங்கே. அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகர் 1930-ல் இயற்பியல் பட்டம் வாங்கியதும் அங்கேதான். ஒரே கல்லூரியில் இயற்பியல் படித்த இரண்டு பேர் நோபல் பரிசு வாங்கியிருக்கிறார்கள், உங்கள் மகள் சேரப்போவதும் அதே பாடம். பழைய கதை என்பார்களானால், மத்திய அரசின் என்ஐஆர்எஃப் கல்லூரித் தரவரிசைப் பட்டியலில் 2022, 2023 இரண்டு வருடமும் நாட்டிலேயே 3-வது இடம். அப்புறமும் ஏன் இந்தக் கேள்வி? கட்டணம் குறைவு, பக்கத்து பெஞ்சில் மீனவர் வீட்டுப் பிள்ளையும் ஆட்டோ ஓட்டுபவர் பிள்ளையும் உட்காருகிறார்கள், அதனால். நகரத்து நடுத்தர வர்க்கம் தன் பிள்ளைகளை அங்கிருந்து மெல்ல வெளியே எடுத்தது, எடுத்ததால் மதிப்பு குறைந்தது போல் ஒரு தோற்றம் வந்துவிட்டது. பாடம் நடத்துவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அரசுக் கல்லூரிகளில் பல வகுப்புகள் தற்காலிகமாக எடுக்கிற கௌரவ விரிவுரையாளர்களை நம்பித்தான் ஓடுகின்றன, லேப் கருவிகள், கழிப்பறை என்று சின்னச் சின்னக் குறைகள் இருக்கலாம். சேர்வதற்கு முன்னால் ஒருநாள் மகளோடு போய்த் துறையைச் சுற்றிப் பாருங்கள், மூன்றாம் வருட மாணவிகள் இரண்டு பேரிடம் பேசுங்கள். அபார்ட்மென்ட்காரர்களைவிட அவர்களுக்கு விஷயம் தெரியும். மூன்று வருடத்தில் மிச்சமாகிற பணத்தை எம்.எஸ்சி.க்கு வைத்துக்கொள்ளுங்கள். ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர ஜாம் என்று ஒரு நுழைவுத் தேர்வு இருக்கிறது, எந்தக் கல்லூரி பி.எஸ்சி. மாணவியும் எழுதலாம், மகளை இரண்டாம் வருடத்திலிருந்தே அதற்குத் தயாராகச் சொல்லுங்கள்.

*எனக்கு 29 வயது, அம்பத்தூரில் நல்ல வேலை. ஜாதகம் பொருந்தி, பேச்செல்லாம் முடிகிற நேரத்தில் பெண் வீட்டார் காலேஜ் பேரைக் கேட்டார்கள், சொன்னேன், அதற்குப் பிறகு போனே வரவில்லை. மேட்ரிமோனி பக்கத்தில் காலேஜ் பேரை எடுத்துவிடலாமா?*

*வாசகர், பாடி*

எடுக்க வேண்டாம், மாற்றியும் எழுத வேண்டாம் தம்பி. பிறகு தெரியவந்தால் காலேஜ் பின்னால் போய்விடும், மறைத்தான் என்பதுதான் நிற்கும். நம் கல்யாணப் பத்திரிகையைப் பாருங்கள், பேருக்குக் கீழே பி.இ. என்று இருக்கும், அதற்குக் கீழே கம்பெனி பேர் இருக்கும், காலேஜ் பேரை யாரும் அச்சடிப்பதில்லை. ஆக, அந்த வீட்டார் காலேஜுக்காகவே விலகினார்களா, அல்லது சம்பளம், சொந்த வீடு, வேறு வரன் என்று ஏதாவது காரணமா, உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. தரகரையோ நடுவில் பேசியவரையோ ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், சொன்னால் சரி. அடுத்த வரன் வரும்போது பெரியவர்கள் பேச்சு முற்றுவதற்கு முன்னாலேயே பெண்ணோடு பேச அனுமதி கேளுங்கள். உங்கள் காலேஜ், சம்பளம், வீட்டுக் கடன் எல்லாவற்றையும் நீங்களே அவரிடம் சொல்லுங்கள், அவர் படிப்பையும் வேலையையும் பற்றி நீங்களும் கேளுங்கள். இத்தனை பேர் சேர்ந்து எடுத்த முடிவில் அந்தப் பெண் என்ன நினைத்தார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.