வாளி எடுத்து அளந்துவிட்டு எழுதுங்கள்

லக்சபான நம் மலையில் இருக்கும்போது நிலக்கரி எதற்கு? (ஹட்டன்)

பழைய லக்சபான நீர்மின் நிலையம் 1950இல் வந்தது, இன்று 50 மெகாவாட் சொச்சம். நுரைச்சோலை நிலக்கரி நிலையம் 900. மழை பொய்த்து காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் இறங்கினால் எதைச் சுற்றுவது? பகல் தேவையை வெயிலும் காற்றும் பார்த்துக்கொண்டால் நீர்த்தேக்கத் தண்ணீரை இரவுக்கு மிச்சம் பிடிக்கலாம். அதுதான் வழி.

நுவரெலியாக் குளிரில் சோலார் வேலை செய்யுமா? (நுவரெலியா)

அதற்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. குளிரில் தகடு இன்னும் நன்றாகவே வேலை செய்யும். கெடுப்பது மூட்டம். நல்ல வெயிலில் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு நாலு அலகு வரும், மூட்டமான நாளில் பாதிகூட வராது. லயத்துக் கூரையென்றால் முதலில் மரச்சட்டத்தைப் பாருங்கள். எர்த் கம்பி இல்லாமல் பூட்டாதீர்கள், இடி விழும் மலை இது.

வீட்டுக்குப் பின்னால் பெரிய ஓடை. எத்தனை வீட்டுக்கு லைட் கொடுக்கலாம்? (பொகவந்தலாவை)

ஓடையின் அழகை ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எத்தனை லீட்டர், எத்தனை மீட்டர் இறக்கம் என்று ஒரு வரி கிடையாது. படம் வேறு, ஆடி மழையில் எடுத்தது! மாதம் தவறாமல் இப்படி ஒரு கடிதம் வருகிறது. மழைக்காலத்தில் எல்லா ஓடையும் பெரிய ஓடைதான் ஐயா. மாசி, பங்குனியில் பீலித் தண்ணீர் நூலாக விழும்போது அளக்க வேண்டும்.

ஓடையை மறித்து, தண்ணீர் முழுவதையும் ஒரு குழாயில் விட்டு, 20 லீட்டர் வாளி நிறைய எத்தனை செக்கன் என்று பாருங்கள். இரண்டு செக்கன் என்றால் செக்கனுக்கு 10 லீட்டர். இறக்கம் 20 மீட்டர் என்றால் கணக்குக்கு இரண்டு கிலோவாட். குழாயும், தண்ணீர் சுற்றிக் கரண்ட் எடுக்கும் சின்ன மெஷினும் தின்றது போக கைக்கு ஒன்று வரும். இருபது வீட்டுக்கு எல்.ஈ.டி. பல்ப் தாராளம். ஒரு வீட்டில் மின்கேத்தலைப் போட்டால் இருபது வீடும் இருட்டு. பல்புகளை அணைத்தால் மெஷின் வேகமெடுத்து மிச்சப் பல்புகளைச் சுட்டுவிடும், அதனால் சுமைக் கட்டுப்பாட்டுப் பெட்டி கட்டாயம். எர்த் கம்பியும்தான், திரும்பச் சொல்கிறேன். கீழ் லயத்துக்காரர் குடிக்கும் தண்ணீர் அது என்றால் அவர்களைக் கேட்காமல் குழாய் போடாதீர்கள். தோட்டத்து அனுமதியும் வேண்டும். அளந்த பிறகு எழுதுங்கள், பதில் தருகிறேன்.

கூரையில் சோலார் இருந்தும் கரண்ட் போனால் வீடு இருட்டு. ஏமாற்றிவிட்டார்களா? (பதுளை)

இல்லை. லைனில் வேலை செய்பவர் உயிருக்காக இன்வேர்ட்டர் தானாக நிற்கிறது. பற்றரி இல்லாத இணைப்பு அப்படித்தான்.

இரண்டு மாடு இருக்கிறது, சாண எரிவாயு போதுமா? (லிந்துலை)

நாளுக்கு 25 கிலோ சாணம் சேர்ந்தால் ஒரு கன மீட்டர் வாயு, இரண்டு மூன்று மணித்தியாலம் அடுப்பு எரியும். மாடு இரவு பகல் தொழுவத்தில் நின்றால்தான் அவ்வளவு சேரும். லிந்துலைக் குளிரில் வாயு குறையும். தொட்டியை மண்ணுக்குள் இறக்கி, வெயில் படும் பக்கம் கட்டுங்கள்.

கரண்டுக்குக் கூரை மேல் சின்னக் காற்றாடி? (ஹப்புத்தளை)

வேண்டாம். கூரைக் காற்று சுழன்றடிக்கும், சட்டமும் ஆடும்.