வயதான பிறகும் ஸ்கூட்டரையும் உள்ளூர்ச் செய்தியையும் விடாமல் இருப்பது ஏன்?

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: அப்பாவுக்கு எழுபது நெருங்குகிறது. ஸ்கூட்டரை நிறுத்தச் சொன்னால் கேட்பதில்லை. காலையில் எழுந்ததும் உள்ளூர்ச் செய்திப் பக்கத்தை வரி விடாமல் படிக்கிறார். இந்த இரண்டும் வயதானவர்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியம்?

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. ஸ்கூட்டரும் ஓட்டுகிறேன், உள்ளூர்ப் பக்கத்தையும் முதலில் படிக்கிறேன். அதனால் உங்கள் அப்பா பக்கம் நின்றுதான் எழுதுகிறேன். உங்கள் கவலையிலும் நியாயம் இருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் செய்தி. வயதாக ஆக உலகம் சுருங்கிவிடுகிறது என்பார்கள். நடமாடும் வட்டம் சிறிதாகிறது, உண்மைதான். ஆனால் அந்த வட்டத்துக்குள் நடப்பதெல்லாம் பெரிதாகத் தெரிய ஆரம்பிக்கிறது. எந்தத் தெருவைத் தோண்டப் போகிறார்கள், எந்தப் பாலத்தில் வேலை நடக்கிறது, நாளைக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கும், யார் காலமானார் என்பதெல்லாம் நாளை காலையே என் மேல் வந்து விழுகிற விஷயங்கள். எங்கோ ஒரு நாட்டில் அமைச்சரவை கவிழ்ந்தால் நான் செய்யக்கூடியது எதுவுமில்லை. தெருமுனை விளக்கு எரியவில்லை என்றால் ஒரு கடிதமாவது எழுதலாம். நேரில் போய்க் கேட்கலாம், திரும்பவும் போய்க் கேட்கலாம். வயதானவனுக்கு நேரம் இருக்கிறது, அதைச் செலவிடத் தகுந்த இடம் இது.

உள்ளூர்ச் செய்தி என்றால் ஏதோ சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் 2005க்குப் பிறகு மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட செய்தித்தாள்கள் மூடப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை சிற்றூர்களின் வாரப் பத்திரிகைகள். பத்திரிகை போனபின் அந்த ஊர்களுக்கு என்ன ஆனது என்று நிதித்துறை ஆய்வாளர்கள் சிலர் பார்த்தார்கள். உள்ளூர் நிர்வாகம் கடன் வாங்கும்போது கொடுக்க வேண்டிய வட்டி கூடியிருந்தது. காரணம் எளிமையானது. கணக்கைக் கேட்க ஆள் இல்லாத இடத்தில் பணம் கொடுப்பவன் பயப்படுகிறான், பயத்துக்கும் சேர்த்து வட்டி போடுகிறான். நகராட்சிக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் ஒரு நிருபரின் மதிப்பு அவ்வளவு. உங்கள் அப்பா வரி விடாமல் படிக்கிறார் என்றால், அந்த நிருபருக்கு ஒரு வாசகர் இருக்கிறார் என்று அர்த்தம். எனக்கு அது மரியாதைக்குரிய வேலையாகத்தான் படுகிறது.

அடுத்து ஸ்கூட்டர். மோட்டார் சைக்கிளை விட்டு, காரை விட்டு, வயதானவர்கள் ஏன் இதையே பிடித்துக்கொள்கிறார்கள் என்பதற்கு அதன் பிறப்பிலேயே பதில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியில் பியாஜியோ நிறுவனத்துக்கு மலிவான வாகனம் ஒன்று தேவைப்பட்டது. வடிவமைப்பை கொராடினோ தஸ்கானியோ என்ற பொறியாளரிடம் கொடுத்தார்கள். அவர் விமானத்துறைக்காரர், ஹெலிகாப்டரில் முன்னோடிகளில் ஒருவர். மோட்டார் சைக்கிள் அவருக்குப் பிடிக்காது. காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டும், செயின் எண்ணெய் துணியில் படும், டயர் பஞ்சரானால் கழற்றுவது பெரும்பாடு என்பவை அவருடைய குறைகள். அதனால் உட்காரும் இடத்துக்கு முன்னால் தட்டையான தளம் விட்டார். எஞ்சினை மூடி பின்சக்கரத்தோடு சேர்த்து வைத்தார், செயினே இல்லாமல் செய்தார். கியரைக் கைப்பிடிக்குக் கொண்டுவந்தார். முன்சக்கரத்தை ஒரு பக்கத் தண்டில் மட்டும் மாட்டினார். விமானத்தின் இறங்கு சக்கரம் அப்படித்தான் இருக்கும். வெஸ்பா என்று பெயரிட்ட அந்த ஸ்கூட்டருக்கு 1946 ஏப்ரலில் காப்புரிமை பதிவானது. முதல் வண்டி 98 சிசி. அடுத்த ஆண்டே மிலானில் இன்னொச்செந்தி நிறுவனத்தின் லாம்பிரெட்டா ஸ்கூட்டர் வந்துவிட்டது.

அவர் மோட்டார் சைக்கிளிடம் கண்ட குறைகளை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். முட்டிவலிக்காரன் சொல்கிற குறைகள் மாதிரியே இருக்கும். இடுப்பு வளையாது, கால் மேலே தூக்க வராது, குனிந்து எதையும் சரிசெய்ய முடியாது. இப்படிப்பட்ட உடம்போடு நேராக நடந்து போய் உட்காரக்கூடிய இரு சக்கர வாகனம் இது. இப்போது கியரும் இல்லை. பெல்ட்டும் இரண்டு கப்பிகளுமாக வேகத்துக்குத் தக்கபடி தானே மாற்றிக்கொள்கிறது. கிக்கரை உதைத்து உதைத்துக் கால் வீங்கிய தலைமுறைக்கு ஒரு பொத்தானில் வண்டி கிளம்புவது எவ்வளவு பெரிய உதவி என்று இளைஞர்களுக்குப் புரியாது. பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றி, நீலப் புகை விட்டுக்கொண்டு போன டூ ஸ்ட்ரோக் வண்டிகளை நான் ஆசையோடு நினைக்கிறேன். திரும்பி வர வேண்டும் என்று மட்டும் நினைக்கவில்லை. அந்தப் புகை எல்லார் நெஞ்சிலும் போய் உட்கார்ந்தது.

ஸ்கூட்டருக்கு ஒரு பலவீனம் உண்டு. சக்கரம் சிறியது. மோட்டார் சைக்கிளில் பொதுவாகப் பதினேழு அங்குலம் என்றால் இதில் பத்தோ பன்னிரண்டோ. பெரிய சக்கரம் தாண்டிப் போய்விடும் பள்ளத்தில் சின்னச் சக்கரம் இறங்கி ஏறும். அந்த இடி நேராக முதுகெலும்புக்கு வரும். அதனால் ஸ்கூட்டர்க்காரனுக்குத் தன் வழியில் இருக்கும் ஒவ்வொரு பள்ளமும், சாலையில் கசியும் ஒவ்வொரு குழாயும், மூடி உயர்ந்து நிற்கும் சாக்கடைத் தொட்டியும் மனப்பாடம். கண்ணாடி ஏற்றிய காரில் போகிறவருக்கு இது தெரியாது. உங்கள் அப்பா அந்தச் செய்திப் பக்கத்தில் தேடுவது இதைத்தான் என்று நினைக்கிறேன். நேற்று உடம்பால் உணர்ந்த சாலையை இன்று எழுத்தில் பார்க்கிறார். தோண்டிய பள்ளத்தை எப்போது மூடுவார்கள் என்று அங்கேதான் வரும், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று யோசிப்பார். வண்டியும் பத்திரிகையும் அவருக்கு ஒரே பழக்கத்தின் இரண்டு பாதிகள்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நீண்ட நாளாக இருப்பது. ஸ்கூட்டர் விபத்து பற்றிய உள்ளூர்ச் செய்தி எந்த ஊரிலும் ஒரே அச்சில் வருகிறது. ஸ்கூட்டரில் சென்ற முதியவர் நிலைதடுமாறி விழுந்தார், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார், விசாரணை நடக்கிறது. அவ்வளவுதான். ஏன் தடுமாறினார்? சாலையில் ஜல்லி கொட்டிக் கிடந்ததா? விளக்கு எரிந்ததா? அந்தத் திருப்பத்தில் இதற்கு முன் யாராவது விழுந்திருக்கிறார்களா? எதிரே வந்த வண்டியின் வேகம் என்ன? எதுவும் இருக்காது. வயது மட்டும் தவறாமல் இருக்கும். படிப்பவர் மனத்தில் வயதே காரணமாகப் பதிந்துவிடும். மறுநாள் உங்களைப் போன்ற பிள்ளைகள் அந்தச் செய்தியைக் காட்டி, "பார்த்தீர்களா அப்பா" என்று சொல்வீர்கள். அந்தப் பள்ளம் அப்படியே இருக்கும். அடுத்து இருபது வயதுப் பெண் ஒருத்தி அதில் விழுவாள்.

வேறு மாதிரியும் நடக்க முடியும். சுவீடன் நாடாளுமன்றம் 1997இல் சாலைச் சாவே கூடாது என்ற இலக்கை ஏற்றது. மனிதன் தவறு செய்வான், அந்தத் தவறுக்குத் தண்டனை சாவாக இருக்கக்கூடாது, சாலையை அமைப்பவருக்கும் பொறுப்பு உண்டு என்பது அதன் அடிப்படை. அங்கே உயிர் போன ஒவ்வொரு விபத்தையும் சாலையின் அமைப்பு வரைக்கும் போய் ஆராய்கிறார்கள். பக்கத்து நாடான பின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கியில் 2024 ஜூலையிலிருந்து ஓராண்டு முழுவதும் சாலை விபத்தில் ஒருவர்கூடச் சாகவில்லை. அந்த நகரத்தில் பாதிக்கும் மேற்பட்ட தெருக்களில் வேக வரம்பு மணிக்கு 30 கிலோமீட்டர். அங்கும் வயதானவர்கள் இருக்கிறார்கள், குளிர்காலத்தில் தெருவெல்லாம் பனிக்கட்டி. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் சாலையில் சாகிறார்கள், அதில் ஏறக்குறைய முப்பது சதவீதம் இரண்டு, மூன்று சக்கர வாகனங்களில் போனவர்கள். இத்தனை பேரும் வெறுமனே நிலைதடுமாறினார்கள் என்று எழுதிவிட்டுப் போக முடியாது. நான் ஆசிரியருக்குக் கடிதம் எழுதும்போதெல்லாம் கேட்பது ஒன்றுதான்: விபத்துச் செய்தியில் சந்திப்பின் பெயரைப் போடுங்கள், விளக்கு எரிந்ததா என்று ஒரு வரி சேருங்கள்.

சரி, இனி உங்கள் கவலை. வயது எதையும் மாற்றவில்லை என்று சொன்னால் அது பொய். அறுபது வயதுக் கண்ணின் உட்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, இருபது வயதுக் கண்ணோடு ஒப்பிட்டால் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். எதிரே வரும் விளக்கு கண்ணைக் கூச வைத்தால் பார்வை தெளிய நேரம் எடுக்கிறது. கழுத்து முழுதாகத் திரும்புவதில்லை, அதனால் பக்கவாட்டில் வருபவர் தெரியாமல் போகலாம். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் வண்டி நொடிக்குப் பதினோரு மீட்டர் நகர்கிறது. பிரேக்கைப் பிடிக்க அரை நொடி தாமதமானால் ஐந்தரை மீட்டர் கூடுதலாகப் போய்விடும். ஒரு குழந்தை சாலையைக் கடக்கிற தூரம் அது. சளி மாத்திரைகளில் சில நன்றாகத் தூக்கம் வரவைக்கும், அதைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுக்கவே கூடாது.

ஆனாலும் எழுபது என்ற எண்ணை வைத்துச் சாவியைப் பிடுங்காதீர்கள். என் வயதுக்காரர்களில் நாற்பது வயதுக்காரனைவிட நிதானமாக ஓட்டுபவர் இருக்கிறார், எப்போதோ நிறுத்தியிருக்க வேண்டியவரும் இருக்கிறார். அப்பா ஓட்டுவதை ஒரு நாள் பின்னால் போய்ப் பாருங்கள், அல்லது பின் இருக்கையில் உட்கார்ந்து போங்கள். நிற்கும்போது கால் சரியான நேரத்தில் தரையைத் தொடுகிறதா? திரும்பும் முன் தலையைத் திருப்பிப் பார்க்கிறாரா, கண்ணாடியை மட்டும் நம்புகிறாரா? திரும்பிய பிறகும் இண்டிகேட்டர் மின்னிக்கொண்டே போகிறதா? வண்டியின் ஓரத்தில் புதுப் புதுக் கீறல் வருகிறதா? நன்றாகத் தெரிந்த வழியில் திருப்பத்தை விட்டுவிட்டுப் போகிறாரா? கடைசி இரண்டும் இருந்தால் பேச்சைத் தள்ளிப்போடாதீர்கள். மற்றவற்றுக்கு வழி உண்டு.

கண்ணைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கண்புரை இருந்தால் அறுவை செய்தபின் இரவுப் பார்வையே வேறாகிவிடும். வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றும்போதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு இடுப்புப் பிடித்துக்கொள்கிறது, சைடு ஸ்டாண்டே போதும் என்று சொல்லுங்கள். முன்பிரேக்கைத் தொடப் பயப்படுகிறாரா என்று பாருங்கள். பழைய வண்டிகளில் பழகியவர்கள் பின்பிரேக்கை மட்டும் மிதித்தே பழகியவர்கள். நிறுத்தும்போது எடை முன்னால் போவதால் பிடிப்பு முன்சக்கரத்தில்தான் அதிகம். இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கிற வண்டியாக இருந்தால் அந்தக் கவலை குறையும். ஹெல்மெட் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், பக்கத்துத் தெருவுக்குப் போவதாக இருந்தாலும் சரி. சாவு அபாயத்தை அது நாற்பது சதவீதத்துக்கும் மேல் குறைக்கிறது, தலைக்காயத்தை ஏறக்குறைய எழுபது சதவீதம்.

நிறுத்துவதையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. முதலில் இரவில் ஓட்டுவதை விடலாம். நான் விட்டுவிட்டேன், எதையும் இழந்ததாகத் தோன்றவில்லை. அப்புறம் மழையில், அப்புறம் லாரி போகும் பெரிய சாலையில். மிச்சம் இருப்பது பகல் நேரத்து, தெரிந்த தெருக்கள். அந்த மிச்சத்திலேயே பல வருடம் ஓட்டலாம்.

அதுவும் முடிகிற நாள் வரும், எனக்கும் வரும். அதற்கு முன்பே அவரோடு உட்கார்ந்து, எந்தெந்தக் கிழமை யார் அவரை வெளியே அழைத்துப் போவது, எத்தனை மணிக்கு என்று பேசி முடிவு செய்துவிடுங்கள். "எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் அப்பா" என்று பொதுவாகச் சொன்னால் நாங்கள் கூப்பிட மாட்டோம்.