சம்பளம் 32,000, அட்வான்ஸ் ஒரு லட்சம்: குடும்பத்தோடு போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் முடித்துவிட்டு, திண்டுக்கல் பக்கம் ஒரு நூல் மில்லில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கிறேன். பிடித்தம் போக 17,200 ரூபாய் கைக்கு வரும். மனைவி வீட்டிலேயே தைக்கிறார், மாதம் 5,000 கிடைக்கும். அப்பா கட்டிய வீடு, வாடகை இல்லை. மகள் அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. அம்மாவுக்குச் சர்க்கரை, தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் மாத்திரை வாங்குகிறோம். இப்போது பெங்களூரு பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் சி.என்.சி. மெஷின் (கம்ப்யூட்டரில் இயங்கும் மெஷின்) மெயின்டனன்ஸ் வேலைக்கு 32,000 தருவதாகச் சொல்கிறார்கள், நவம்பரில் சேர வேண்டும். அங்கே சின்ன வீடே 10,000 வாடகை, பத்து மாத அட்வான்ஸ் என்கிறார் நண்பர். மனைவி நகையை அடகு வைத்துச் சமாளித்துவிடலாம் என்று நான் சொல்கிறேன். அவர் தயங்குகிறார். அம்மா, இங்கேயே இருக்கிறேன் என்கிறார். குடும்பத்தோடு போகலாமா?
— பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: உங்கள் மனைவி தயங்குவதில் நியாயம் இருக்கிறது. வேலைக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் நீங்கள் 32,000 என்று சொல்லும்போதே கணக்கு தப்பிவிட்டது.

ஆஃபர் லெட்டரை எடுத்துப் பாருங்கள். அந்த 32,000 பெரும்பாலும் சி.டி.சி.யாக இருக்கும், அதாவது கம்பெனிக்கு உங்களால் ஆகும் மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளம் 16,000 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கு 1,800, கிராஜுவிட்டிக்கு, அதாவது பணிக்கொடைக்கு ஒதுக்குவது 770. இரண்டும் அந்த 32,000-க்குள்ளேயே அடங்கும். மிச்சம் 29,430. அதில் உங்கள் பங்கு பி.எஃப். 1,800, கர்நாடகத் தொழில் வரி 200 போனால் கைக்கு வருவது 27,430.

வாடகை 10,000 போனால் 17,430. நகையை வைத்து ஒரு லட்சம் வாங்கினால், நூற்றுக்கு முக்கால் வட்டி என்றாலும் மாதம் 750. மிச்சம் 16,680. இன்றைக்கு நீங்கள் இருவரும் சேர்ந்து சம்பாதிப்பது 22,200. ஆக, சம்பளம் கூடிய சந்தோஷத்தில் நீங்கள் குடும்பத்தோடு ரயில் ஏறினால் மாதம் 5,520 ரூபாய் ஏழையாவீர்கள். அம்மா திண்டுக்கல்லிலேயே இருந்தால் இரண்டு அடுப்பு எரிய வேண்டும், அந்தச் செலவை நான் சேர்க்கவில்லை. தண்ணீர் கேனையும் சேர்க்கவில்லை.

மனைவியின் 5,000 இந்தக் கணக்கில் எங்கே போனது என்று கேட்பீர்கள். தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். 'இந்த அக்காவிடம் கொடுத்தால் கை இறுக்காது' என்று தெருவே நம்புவதைத் தூக்கிக்கொண்டு போக முடியாதே. புது ஊரில் முதல் ஆறு மாதம் கிழிந்ததைத் தைக்கவும் ஃபால்ஸ் அடிக்கவும்தான் ஆள் வரும். பெரும்பாலான ஆண்கள் ஊர் மாறும்போது இந்த வருமானத்தைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. நீங்களும் கடிதத்தில் ஒரு வரி எழுதிவிட்டு அதை மறந்துவிட்டீர்கள்.

அடுத்தது இ.எஸ்.ஐ. மாதச் சம்பளம் 21,000 வரைதான் அதற்கு வரம்பு. புது வேலையில் அதைத் தாண்டினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. இன்று அம்மா அட்டையைக் காட்டிச் சும்மா வாங்கிவரும் மாத்திரையை நாளை மெடிக்கல் ஷாப்பில் காசு கொடுத்து வாங்க வேண்டும். கம்பெனியில் குரூப் மெடிக்கல் இன்சூரன்ஸ் உண்டா, அதில் பெற்றோர் சேர்த்தியா என்று எழுத்தில் கேளுங்கள். பல இடங்களில் மனைவி, பிள்ளையோடு நிறுத்திவிடுவார்கள். அப்படியே இருந்தாலும் அது ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் உதவும், மாதாந்திர மாத்திரைக்கு உதவாது.

பெங்களூரு அட்வான்ஸ் பற்றி ஒரு வார்த்தை. பத்து மாதம் என்பது அங்கே பழைய வழக்கம். பேசினால் ஐந்து, ஆறுக்கு இறங்குகிற வீட்டுக்காரர்களும் உண்டு. காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் வழக்கம்தான். 1996-ல் கோவில்பட்டியிலிருந்து சென்னைக்கு வந்த எனக்கு இதில் அனுபவம் உண்டு. முதல் வீட்டைக் காலி செய்த அன்று வீட்டுக்காரர் டார்ச் லைட்டோடு வந்தார், பட்டப்பகலில். காலண்டர் மாட்ட நான் அடித்திருந்த ஒரே ஓர் ஆணியின் ஓட்டைக்குள் லைட்டை அடித்துப் பார்த்தார். முழு மாத வாடகையும் அந்த ஓட்டைக்குள் போய்விட்டது. நீங்கள் குடிபோகிற அன்றே ஒவ்வொரு சுவரையும் குழாயையும் போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

இன்னொரு வலையும் அங்கே உண்டு. நம்மூரில் ஒத்தி என்போமே, அதை அங்கே லீஸ் என்பார்கள். மொத்தமாகச் சில லட்சம் கொடுத்தால் வாடகையே வேண்டாம். கேட்க இனிக்கும். நடுவில் ஓர் ஏஜென்ட் புகுந்து, உங்களிடம் லட்சங்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்காரருக்கு மாத வாடகை கட்டிவருவார். ஒரு நாள் கட்டுவதை நிறுத்திவிட்டு மறைந்துவிடுவார். வீட்டுக்காரர் கதவைத் தட்டும்போதுதான் சமாச்சாரம் தெரியவரும். உரிமையாளரை நேரில் பார்க்காமல், பத்திரத்தைப் பார்க்காமல் அந்தப் பேச்சே வேண்டாம்.

இனி மகள் விஷயம். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. வருகிற ஜூனில் அவள் ஆறாம் வகுப்பு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. அடுத்த ஆண்டே பொறியியலுக்கும் வந்துவிட்டது. அதே வகுப்புகளைப் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். எல்லைக்கு அந்தப் பக்கம் போய் ஆறாம் வகுப்பில் சேர்த்தால் இந்தக் கதவுகள் மூடிவிடும். அதோடு கர்நாடகப் பள்ளிகளில் கன்னடம் கட்டாயம். பதினொரு வயதில் புது மொழி கற்பது நல்லதுதான், குழந்தைகள் நம்மைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். ஆனாலும் கல்வியாண்டின் நடுவில், நவம்பரில், புது எழுத்து, புதுப் பள்ளி, புது ஊர் என்று மூன்றையும் அவள் தலையில் ஏற்ற வேண்டுமா?

அப்படியென்றால் எதற்காகத்தான் போவது? வேலைக்காக, அதில் கற்றுக்கொள்ளப்போவதற்காக. நூல் நூற்கிற ரிங் ஃபிரேமுக்கு மோட்டார் மாற்றிக்கொண்டிருந்தவர் சி.என்.சி.யில் மோட்டாரை இயக்கும் டிரைவ், மெஷினைக் கட்டுப்படுத்தும் பி.எல்.சி. என்று மூன்று வருடம் கைவைத்தால், பிறகு ஓசூரோ கோவையோ ஸ்ரீபெரும்புதூரோ, கேட்கிற சம்பளத்தைக் கேட்டு வாங்கலாம். இந்த வேலையைப் படிப்பாக நினைத்து, மூன்று வருடம் அதற்குக் கட்டணம் கட்டுவதாக நினைத்துப் போகலாம். ஆனால் கம்பெனி உங்களை மெஷின் பக்கம் விடுமா, வெறும் பேனல் போர்டு துடைக்க வைக்குமா என்று தெரிந்துகொள்ளுங்கள். அங்கே வேலை பார்க்கிற யாராவது ஒருவரிடம் டீக்கடையில் வைத்துக் கேட்டால் எச்.ஆர். சொல்லாததெல்லாம் வெளியே வரும்.

என் யோசனை இது. நவம்பரில் நீங்கள் மட்டும் போங்கள். பி.ஜி. என்கிற தங்கும் விடுதியோ, நாலு பேர் சேர்ந்த ரூமோ, சாப்பாட்டோடு 7,500 ஆகும் என்று வைப்போம். ஊருக்குப் போய்வர மாதம் 1,500. மிச்சம் 18,430, மனைவியின் 5,000 சேர்த்தால் 23,430. இன்றைக்கு இருப்பதைவிட ஆயிரத்துச் சொச்சம்தான் கூடுதல். அதையும் அம்மாவின் மாத்திரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பணம் சேராது, ஆனால் கடனும் ஏறாது.

ரூம் எடுத்தால் முதல் மாதம் வாளி, பாய், விளக்குமாறு, கொடிக்கயிறு என்று காசு கரையும், திடுக்கிட வேண்டாம். கேஸுக்கு அலைய வேண்டியதில்லை. ஐந்து கிலோ சிலிண்டரை அடையாள அட்டை ஒன்றைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம், முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள்.

ஏப்ரலுக்குள் வேலையும் மனிதர்களும் பிடிபட்டுவிடுவார்கள். பிடித்திருந்தால் மே மாதம் குடும்பத்தை அழைத்து வாருங்கள். ஆனால் பொம்மசந்திராவுக்கு அல்ல, ஓசூருக்கு. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி இருபது கிலோமீட்டருக்குள்தான் உங்கள் கம்பெனி. 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தட மெட்ரோ பொம்மசந்திராவோடு நின்றுவிடுவதால் அது உங்களுக்கு உதவாது. பஸ்தான், அல்லது கம்பெனி வண்டி. ஓசூர் வரை வண்டி வருமா, நைட் ஷிப்டுக்கும் வருமா என்று சேருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். வண்டி இல்லை என்றால் இரவு ஷிப்ட் முடிந்து நெடுஞ்சாலையில் பைக் ஓட்ட வேண்டிவரும், அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

ஓசூரும் இப்போது மலிவான ஊர் இல்லை. ஆனால் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறாக எழுதாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ரேஷன் அட்டையை ஓசூர் முகவரிக்கு மாற்றிக்கொண்டால் அரிசி, பருப்பு, பாமாயில் தொடரும். மகள் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேரலாம். மைசூர்–தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஓசூர் வழியாகத்தான் திண்டுக்கல் போகிறது, அம்மாவைப் பார்க்க ஓர் இரவுப் பயணம்.

நகை பீரோவிலேயே இருக்கட்டும். மே மாதம் வீடு பார்க்கப் போகும்போது மனைவியை அழைத்துப் போங்கள். நீங்கள் வாடகை எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது, தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது, கரன்ட்டுக்கு யூனிட் எவ்வளவு வாங்குவீர்கள், வாசலில் 'தையல்' என்று ஒரு போர்டு மாட்டிக்கொள்ளலாமா என்று அவர் கேட்பார்.