வழக்கு மிரட்டலுக்கு ஏழாவது முறையும் பணம் அனுப்ப வேண்டாம்

கேள்வி: நானும் என் கணவரும் சேலம் சிவதாபுரத்தில் வீட்டோடு ஒட்டிய சிறு பட்டறையில் வெள்ளிக் கொலுசு வேலை செய்கிறோம். இருவர் கூலியும் சேர்ந்து மாதம் 24,000 ரூபாய் வரும். 2021 ஊரடங்கில் வேலை நின்றபோது, கைப்பேசிச் செயலி ஒன்றில் 15,000 ரூபாய் கடன் வாங்கி, நான்கு மாதத்தில் வட்டியோடு கட்டி முடித்துவிட்டேன். ரசீது எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. சென்ற ஆண்டு ஆவணியில், உயர்நீதிமன்ற வக்கீல் என்று ஒருவர் அழைத்து, அந்தக் கடன் பாக்கியென்றும், வழக்குப் பதிவாகிவிட்டது, போலீஸ் பட்டறைக்கு வரும் என்றும் சொன்னார். பயந்து 4,800 ரூபாய் அனுப்பினேன். அதன் பிறகு 6,500, 5,000, 8,000, 9,700, இரண்டு வாரத்துக்கு முன் 7,000 என்று ஆறு முறை அனுப்பியாயிற்று. இதற்காகச் சங்கிலியை அடகு வைத்தேன், சீட்டையும் தள்ளி எடுத்தேன். கணவருக்கு எதுவும் தெரியாது. இப்போது 38,000 கட்டினால் எல்லாம் முடிந்துவிடும் என்கிறார்கள். தங்கைக்குச் சம்பந்தம் பேசியிருக்கும் நேரத்தில் மாப்பிள்ளை வீட்டுக்கு அழைப்புப் போனால் மானம் போய்விடும், எப்படியாவது கட்டித் தொலை என்கிறார் அண்ணன். கடனைத் தீர்த்துக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றின் விளம்பரத்தையும் பார்த்தேன். மீதி நகையை வைத்துக் கட்டிவிடலாமா, அந்த நிறுவனத்திடம் போகலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். முன்பின் தெரியாதவருக்குப் பணம் அனுப்பக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கூலிக் கணக்கைக் கிராம் பிசகாமல் பார்க்கிற கை உங்களுடையது. உங்களைக் கெடுத்துக்கொண்டிருப்பது ஒரு பழக்கம்தான்: அழைப்பு வரும் ஒவ்வொரு முறையும், இன்றைய பொழுது அமைதியாகக் கழியட்டும் என்று கையில் இருப்பதை அனுப்பிவிடுவது. முதல் 4,800 ரூபாயை அனுப்பிய அன்றே, பயமுறுத்தினால் இந்த எண்ணிலிருந்து பணம் வரும் என்பதை அவர்கள் குறித்துக்கொண்டார்கள். பிறகு வந்த ஐந்து அழைப்புகளும் அந்தக் குறிப்பினால் வந்தவை. 38,000 கட்டினாலும் எட்டாவது அழைப்பு வரும்.

கணக்கைத் தோராயமாகப் போடுவோம். ஆறு முறை அனுப்பியது 41,000. சங்கிலியை 25,000 ரூபாய்க்கு அடகுக் கடையில் நூற்றுக்கு இரண்டு வட்டியில் வைத்து ஏறக்குறைய பத்து மாதம் ஆகிறது என்று கடிதத்தின் பின்பகுதியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வட்டி 5,000. ஐம்பதாயிரம் சீட்டை ஐந்தாவது மாதத்திலேயே 13,000 தள்ளி எடுத்திருக்கிறீர்கள். அதில் ஒரு பகுதி பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்குப் போனது நியாயமான செலவுதான் என்றாலும், இந்த அழைப்புகள் இல்லாவிட்டால் இன்னும் பல மாதம் பொறுத்துத் தள்ளு குறைந்த பிறகு எடுத்திருப்பீர்கள். ஆகவே அதில் குறைந்தது 8,000 இந்தக் கணக்கில் சேரும். மொத்தம் 54,000 ரூபாய், அதாவது உங்கள் இருவரின் இரண்டேகால் மாதக் கூலி, ஒருமுறை வாங்கித் திருப்பிக் கட்டிய 15,000 ரூபாய்க் கடனுக்காகப் போயிருக்கிறது. இனி 38,000 ரூபாயையும் அதே வட்டியில் புரட்டினால் மாதம் 760, பழையது 500, சேர்ந்து 1,260, ஆண்டுக்கு 15,120. அன்று வாங்கிய முழுக் கடனுக்குச் சமமான தொகையை ஆண்டுதோறும் வட்டியாக மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

இவர்களுக்கு உங்கள் எண்ணும் பழைய கடன் விவரமும் எப்படிக் கிடைத்தன என்று கேட்டிருக்கிறீர்கள். யார் கொடுத்தது என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் அந்தக் காலத்துச் செயலிகள் பல, கடன் கொடுக்கும் முன்பே கைப்பேசியிலிருந்த தொடர்பு எண்களையும் படங்களையும் உருவிக்கொண்டன. ரிசர்வ் வங்கியின் பணிக்குழு 2021-இன் முதல் இரண்டு மாதங்களில் கடன் தருவதாகக் கிடைத்த சுமார் 1,100 செயலிகளை ஆராய்ந்தபோது, அவற்றில் ஏறக்குறைய 600 சட்டவிரோதமானவை என்று தெரியவந்தது. அப்படிச் சேர்ந்த விவரம் கைமாறாமல் இருந்திருக்கும் என்று நம்ப இடமில்லை. ஆகவே உங்கள் பெயரும் ஊரும் வாங்கிய தொகையும் அவர்களுக்குத் தெரிந்திருப்பதை, கடன் இருக்கிறது என்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மிரட்டலை ஒவ்வொன்றாகப் பார்த்தால் அதில் உண்மை எவ்வளவு குறைவு என்பது தெரியும். சென்னை உயர்நீதிமன்றம் பணம் வசூலிக்கும் வழக்கை நேரடியாக எடுப்பது சென்னை நகர எல்லைக்குள், அதுவும் ஒரு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட வழக்குகளில்தான். கடன் வசூல் தீர்ப்பாயம் என்று அவர்கள் சொன்னதும் பொருந்தாது, ஏனென்றால் அங்கே 20 லட்சத்துக்குக் குறைந்த கடன் செல்லாது. உங்கள் 15,000 ரூபாய்க்கு உண்மையாகவே ஒருவர் வழக்குப் போட விரும்பினால் அவர் சேலத்து உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் வரவேண்டும். அங்கிருந்து வழக்கு எண்ணும் முத்திரையும் உள்ள சம்மன், வாதியின் மனு நகலோடு, நீதிமன்ற ஊழியர் மூலமோ பதிவுத் தபாலிலோ வீட்டுக்கு வரும். பதில் தாக்கல் செய்ய 30 நாள் அவகாசமும் உண்டு. வழக்குப் பதிவாகிவிட்டது என்று யாராவது சொன்னால், 16 இலக்க வழக்கு அடையாள எண்ணைக் கேளுங்கள். நீதிமன்ற வழக்கு விவரங்களைக் காட்டும் ஈ-கோர்ட்ஸ் இணையத் தளத்தில் அந்த எண்ணைப் போட்டோ, உங்கள் பெயரைப் போட்டோ நீங்களே தேடிப் பார்த்துவிடலாம். கடனைக் கட்டாமல் இருப்பது மட்டுமே குற்றமாகாது, அதற்காகப் போலீஸ் வீட்டுக்கு வந்து வசூலிப்பதும் கிடையாது. கொடுத்த காசோலையோ தானியங்கித் தவணையோ பணமில்லாமல் திரும்பியிருந்தால் தனிச் சட்டப்படி குற்ற வழக்கு வரலாம் என்பது உண்மைதான், ஆனால் அதற்கும் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து நோட்டீஸ் அனுப்பி, பணம் கட்ட 15 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். நீங்கள் காசோலை எதுவும் கொடுக்கவில்லை என்கிறீர்கள், தவணையும் முடிந்துவிட்டது.

இவை எல்லாவற்றையும்விட உறுதியான ஒரு சோதனை உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. நீங்கள் அனுப்பிய ஆறு தொகையும் ஆறு தனிநபர்களின் யுபிஐ முகவரிக்குப் போயிருக்கின்றன. செயலி வழிக் கடனைத் திருப்பிக் கட்டும் பணம் இடையில் எவருடைய கணக்கிலும் தங்காமல் கடன் கொடுத்த வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் கணக்குக்கே நேராகச் செல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் கொண்டுவந்த விதி. வசூல் முகவரை நியமித்தால் அவர் யார் என்பதை நிறுவனமே கடன் வாங்கியவருக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். முகவர் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக்கூடாது. உங்களுக்கு இரவு பத்தரைக்கும் அழைப்பு வந்திருக்கிறது.

இனி கடன் உண்மையிலேயே முடிந்ததா என்பதை அவர்களிடம் கேட்காமல் நீங்களே உறுதி செய்துகொள்ளுங்கள். வங்கிக் கிளையில் 2021-ஆம் ஆண்டுக்கான கணக்கு அறிக்கையைக் கேட்டு வாங்கினால், 15,000 எந்தப் பெயரிலிருந்து வந்தது, தவணைகள் எந்தப் பெயருக்குப் போயின என்பது வரிவரியாக இருக்கும். அதுவே உங்கள் ரசீது. யார் எவ்வளவு கடன் வாங்கினார், எப்படிக் கட்டினார் என்று பதிந்துவைக்கும் நிறுவனங்களான சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கும் ஆண்டுக்கு ஒருமுறை முழுக் கடன் அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். குறைந்தது இரண்டையாவது எடுத்துப் பாருங்கள். கடன் கொடுத்தது பதிவு பெற்ற நிறுவனமாக இருந்து கணக்கு முடிந்தது என்று அதில் இருந்தால், பேச்சு அங்கேயே முடிந்தது. பாக்கி என்று தவறாக இருந்தால், வங்கி அறிக்கையை இணைத்து அந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

ஒருவேளை ஒரு தவணை விட்டுப்போயிருந்தாலும் காலவரம்பு என்று ஒன்று இருக்கிறது. கடன் வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டு. கொரோனா காரணமாக உச்சநீதிமன்றம் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையான காலத்தைக் கணக்கிலிருந்து நீக்கியதால், 2021-இல் தவறிய தவணைக்கு அந்த மூன்று ஆண்டு 2022 மார்ச்சில் தொடங்கி 2025 பிப்ரவரியோடு முடிந்துவிட்டது. உண்மையான பாக்கியை நேர்மையாகக் கட்ட இது தடையில்லை, கட்டவும் வேண்டும்; ஆனால் நீதிமன்றம் மூலம் கட்டாயப்படுத்தும் வழி அடைபட்டுவிட்டது. ஆகவே வாட்ஸ்அப்பில்கூட, ஆமாம் நான் தரவேண்டியிருக்கிறது, தந்துவிடுகிறேன் என்று ஒரு வரியும் எழுதிக் கொடுக்காதீர்கள். காலம் கடந்த கடனைக் கட்டுவதாக எழுதிக் கையொப்பமிட்டால் அது புதிய வாக்குறுதியாகிவிடும் என்று ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது.

அந்தக் கடன் தீர்ப்பு நிறுவனத்தைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது கைப்பேசியைத் திறந்தால் இந்த விளம்பரம்தான். பதிவுக்கு 1,500, மாதம் 999 வீதம் ஓராண்டு என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். கூட்டினால் 13,488 ரூபாய். உண்மையான கடன் உள்ளவர்களுக்கே இவர்கள் பெரும்பாலும் செய்வது, தவணையை நிறுத்தச் சொல்லிவிட்டு, பிறகு குறைந்த தொகைக்குப் பேசி முடிப்பது. அது கடன் அறிக்கையில் முழுமையாகக் கட்டப்படாத கணக்காகப் பதிந்து, நாளை பட்டறைக்கு வங்கிக் கடன் கேட்கும்போது குறுக்கே நிற்கும். உங்கள் விஷயத்திலோ பேசி முடிக்க எதிரில் கடன் கொடுத்தவரே இல்லை. மோசடிக்காரரோடு பேரம் பேசுவதற்கு இன்னொருவருக்குக் கூலி கொடுக்க வேண்டாம்.

இன்றே செய்ய வேண்டிய முதல் வேலை, கணவரிடம் சொல்வது. கடிதத்திலேயே எனக்கு அதிகக் கவலை தந்த வரி, அவருக்குத் தெரியாது என்பதுதான். அந்த ரகசியம் இருக்கும் வரை உங்களை மிரட்ட முடியும், நகையும் பெட்டியிலிருந்து யாருக்கும் தெரியாமல் போய்க்கொண்டிருக்கும். அதன் பிறகு அண்ணனையும் அழைத்து, மாப்பிள்ளை வீட்டாரிடம் நம் பக்கத்திலிருந்தே முன்கூட்டிச் சொல்லிவிடச் சொல்லுங்கள்: மோசடிக் கும்பல் ஒன்று எங்கள் வீட்டுப் பெண்ணை மிரட்டுகிறது, புகார் கொடுத்திருக்கிறோம், உங்களுக்கு அழைப்பு வந்தாலும் பதில் பேச வேண்டாம். சேலத்தில் இப்படி அழைப்பு வராத தெரு இன்று அரிது, அவர்களும் கேள்விப்பட்டிருப்பார்கள். மானத்தைக் காக்கப் பணம் கட்டு என்று அண்ணன் சொல்வது பாசத்தினால்தான் என்றாலும், அந்த 38,000 தங்கையின் கல்யாணச் செலவிலிருந்துதான் குறையும் என்பதை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

பிறகு 1930 என்ற எண்ணில் அழைத்தோ, தேசிய இணையக் குற்றத் தளத்திலோ, சேலத்து சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரில் சென்றோ புகார் கொடுங்கள். ஆறு பரிமாற்றங்களின் எண்கள், அழைத்த எண்கள், வாட்ஸ்அப்பில் வந்த போலி நோட்டீஸ் எல்லாவற்றையும் படமெடுத்துக் கொண்டுபோங்கள். பழைய தொகை திரும்பக் கிடைக்கும் என்று நம்பிக்கை ஊட்ட எனக்கு விருப்பமில்லை. பணம் பல கணக்கு மாறிப் போயிருக்கும். கடைசி 7,000 ரூபாய்க்குச் சிறிய வாய்ப்பு இருக்கலாம், அதனால் நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம். யுபிஐ செயலியில் தானியங்கி அனுமதி எதுவும் இருக்கிறதா என்று பார்த்து ரத்து செய்யுங்கள். மறுபடி அழைத்தால் வாதாடாதீர்கள், அழவும் வேண்டாம்: நிறுவனத்தின் பெயர், கடன் எண், முகவர் நியமனக் கடிதம் ஆகியவற்றைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள் என்று ஒருமுறை சொல்லிவிட்டு, அந்த எண்ணைத் தடை செய்துவிடுங்கள். படத்தை வெட்டி ஒட்டி அனுப்புவோம் என்று மிரட்டினால் அதையும் புகாரில் சேர்த்துவிடுங்கள், அது தனிக் குற்றம்.

கட்ட நினைத்த தொகையில் கையில் ஏதாவது சேர்ந்திருந்தால் முதலில் சங்கிலியை மீட்கப் பாருங்கள். முழுதும் முடியாவிட்டால், தேசிய வங்கியிலோ உங்கள் பகுதிக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ நகைக்கடனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 25,000 ரூபாய்க்கு அடகுக் கடையில் ஆண்டுக்கு 6,000 வட்டி. பத்து சதவீதம் என்று வைத்தாலும் வங்கியில் 2,500. மிச்சமாகும் 3,500 ரூபாய், வேலை குறைந்த மாதத்தில் சீட்டுத் தவணைக்கு உதவும். எடுத்த சீட்டின் தவணையை மட்டும் எக்காரணம் கொண்டும் தவறவிடாதீர்கள். இன்று நீங்கள் உண்மையாகக் கட்ட வேண்டிய கடன்கள் அதுவும் அடகும்தான்.

எல்லாக் காகிதத்தையும் போலி என்று கிழித்துவிடவும் கூடாது. பதிவு பெற்ற நிறுவனங்கள், நீதிமன்றத்துக்கு வெளியே தகராறைத் தீர்க்கும் நடுவர் நோட்டீஸும், லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்ற அழைப்பும் உண்மையாகவே அனுப்புவதுண்டு. அப்படி எது வந்தாலும், உறையோடும் 2021 வங்கி அறிக்கையோடும் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தர 1987-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. கணவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.