சிவாஜி, எம்.ஜி.ஆர். தவிர, பழைய தமிழ் நடிகர்களில் உங்களை மிகவும் வியக்கவைத்தவர் யார்? ஏன்?

டி.எஸ். பாலையா. அடுத்தவர் பேசும்போது நடிக்கத் தெரிந்தவர் என்பதுதான் காரணம்.

சிங்கப்பூரில் சமூக மன்ற மேடைகளில் நாடகம் போடும் சிறு குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். ஒத்திகையில் எங்களுக்குத் தீராத தலைவலி ஒன்று உண்டு. தன் வசனம் முடிந்ததும் ஆள் மேடையிலேயே அணைந்துபோய்விடுவார். அடுத்த வசனத்துக்குக் காத்து நிற்பது கடைசி வரிசைக்கே தெரியும்.

அப்போதெல்லாம் கைப்பேசியில் 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தின் அந்தக் காட்சியைப் போட்டுக்காட்டுவேன். படம் எடுக்கப் பணம் கேட்டு நச்சரிக்கும் மகன் நாகேஷ், திகில் கதை சொல்கிறார். வேண்டாவெறுப்பாகக் கேட்க உட்காரும் எஸ்டேட் முதலாளி பாலையா. முதல் தடவை எல்லோரும் நாகேஷைத்தான் பார்ப்பார்கள். மறுபடி ஓடவிட்டு, பாலையாவை மட்டும் பாருங்கள் என்பேன். எரிச்சல் மெல்லக் கரைகிறது, கண் விரிகிறது, உடம்பு ஒடுங்குகிறது. கதையில் இல்லாத பேய் அந்த முகத்தில் தெரிகிறது. அவர் பயப்படாவிட்டால் நாகேஷின் 'கிரீச்' வெறும் சத்தம்தான்.

நாடக மேடையிலிருந்து வந்தவர். 1936இல் 'சதி லீலாவதி'யில் அறிமுகம், எம்.ஜி.ஆருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் அதுவே முதல் படம். பிறகு நெடுங்காலம் வில்லன். அதை விவரிக்க எனக்குப் பெரிய ஆர்வமில்லை. என்னைப் பொறுத்தவரை அறுபதுகளின் பாலையாதான் பாலையா.

'திருவிளையாடல்' (1965) ஹேமநாத பாகவதரைப் பாருங்கள். சபையில் 'ஒரு நாள் போதுமா' என்று எக்காளமிடுபவர், இரவில் விறகுவெட்டியின் 'பாட்டும் நானே' காதில் விழுந்ததும் ஆடிப்போகிறார். முதல் பாட்டில் பாலமுரளிகிருஷ்ணாவின் குரல் துணை இருக்கிறது. இரண்டாவதில் எந்தத் துணையும் இல்லை. கேட்க மட்டும்தான் வேண்டும்.

'தில்லானா மோகனாம்பாள்' (1968) தவில் வித்துவான் முத்துராக்கு இன்னும் ஒரு படி மேல். 'நலந்தானா' பாட்டில் கேட்பவர் பத்மினி, வலி சிவாஜிக்கு. நடுவில் தவிலோடு இருப்பவருக்கு எல்லாம் புரிகிறது, வாய்திறக்கத்தான் வழியில்லை.

"அண்ணே, அவர் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்?" என்று எங்கள் குழுத் தம்பி ஒருவர் கேட்டார். அடுத்த நாடகத்தில் அவருக்கு வசனமே இல்லாத வேடம் கொடுத்திருக்கிறோம்.